குளோன் எடுத்த சர்வர் எழுந்திருக்கலையா? முதல்ல கீபோர்டை விட்டுக் கையை எடு!

சூரமங்கலத்துல ஜங்ஷனைச் சுத்தி லாரி புக்கிங் ஆபீஸ், ஜவ்வரிசி மில் கணக்கு, கொலுசுக் கடை பில்லிங்னு எங்கே போனாலும் மேஜைக்கடியில தூசியோட ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும். நிறைய இடத்துல அது யாரோ எப்பவோ சென்ட்ஓஎஸ் 7 போட்டு விட்டுட்டுப் போனது. அதுக்கு 2024 ஜூன் 30-ஓட அப்டேட்டும் நின்னுபோச்சு. டிஸ்க் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சதும் முதலாளி ஒரு புது எஸ்எஸ்டி வாங்கிக் கொடுப்பார். நீயும் ராத்திரியோட ராத்திரியா குளோன் எடுத்து மாட்டிடுவே. காலையில எனக்குப் போன்: "அக்கா, வால்யூமைக் காணோம், எல்லாம் போச்சு!"

ஒண்ணும் போகலை கண்ணு. குளோன் எடுத்ததால டேட்டா போறது அபூர்வம். அதுக்கப்புறம் பதட்டத்துல நீ தட்டுற கமாண்ட்லதான் போகும். குளோன் எடுக்கும்போது ஃபைலோட சேர்த்து டிஸ்க்கோட பேர், அடையாள நம்பர், "இன்னது இன்ன இடத்துல இருக்கு"ன்னு எழுதி வச்ச குறிப்பு எல்லாமே அப்படியே காப்பி ஆகுது. அதனால ஒண்ணு, ரெண்டு டிஸ்க் ஒரே பேரைச் சொல்லிக்கிட்டு நிக்கும். இல்லைன்னா புது சர்வர் பழைய குறிப்பைப் பார்த்து, இல்லாத டிஸ்க்கைத் தேடும். பெரும்பாலான கோளாறு இந்த ரெண்டுல அடங்கிடும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படி.

எல்விஎம் புதுசா இருக்கிறவங்களுக்கு ரெண்டு வரி. மூணு பங்காளி காட்டை ஒண்ணாச் சேர்த்து, பழைய வரப்பை வெட்டிட்டு, தேவைக்குத் தக்கபடி புது வரப்பு போட்டுக்கிற மாதிரிதான் இது. ஒவ்வொரு பங்காளி காடும் பிவி, அதாவது பிசிக்கல் வால்யூம். சேர்ந்த மொத்த நிலம் விஜி, வால்யூம் குரூப். புது வரப்புக்குள்ள இருக்கிற துண்டு எல்வி, லாஜிக்கல் வால்யூம். பயிர், அதான் ஃபைல் சிஸ்டம், அந்தத் துண்டுலதான் இருக்கு. அடியில இருக்கிற பார்டிஷன்ல போய்ப் பயிரைத் தேடாதே.

கமாண்டை எல்லாம் நான் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். நீ இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல தட்டு. பெரிய எழுத்து வேணும்கிற இடத்துல சொல்றேன்.

மாட்டுறதுக்கு முன்னாடி

1. பழைய டிஸ்க்கையும் புது டிஸ்க்கையும் ஒரே மெஷின்ல மாட்டி பூட் பண்ணாதே. இந்த ஒண்ணை மட்டும் கேட்டாக்கூடப் போதும். ரெண்டு டிஸ்க்லயும் ஃபைல் சிஸ்டத்தோட யூயூஐடி ஒண்ணுதான். "இந்த யூயூஐடியைக் கொண்டா"ன்னு எஃப்எஸ்டேப் கேட்டா, எந்த டிஸ்க் கைக்கு அகப்படுதோ அது வரும். ஈஎக்ஸ்டி4 இதைப் பத்தி மூச்சே விடாது. நீ புது எஸ்எஸ்டியில ஓடுதுன்னு நினைச்சிருப்பே, ஆபீஸ் பில் எல்லாம் பழைய டிஸ்க்லயே ஏறிக்கிட்டு இருக்கும். ஒரு வாரம் கழிச்சுப் பழசைக் கழட்டினதும் அந்த வாரத்துப் பில்லே காணாது. அப்புறம் "எஸ்எஸ்டி மோசம்"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவே.

தெரியாம மாட்டி பூட் பண்ணிட்டியா? ஃபைண்ட்எம்என்டி-ன்னு தட்டினா ரூட் எந்த டிவைஸ்ல இருக்குன்னு சொல்லும். எல்எஸ்பிஎல்கே-வுக்கு மைனஸ் ஓ கொடுத்து நேம், சைஸ், சீரியல் மூணையும் கேளு. அதுல வர்ற சீரியல் நம்பரை டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோட ஒத்துப் பாரு. எஸ்டிஏ, எஸ்டிபி-ங்கிற பேரை நம்பாதே. அது ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம்.

எல்விஎம் இந்த விஷயத்துல கொஞ்சம் சூதானம். ஒரே பிவி நம்பர் ரெண்டு இடத்துல தெரிஞ்சா எச்சரிக்கை காட்டி, ஒண்ணை ஒதுக்கி வைக்கும். சில நேரம் அந்த விஜியை எழுப்பவே மாட்டேன்னு நிக்கும். அது உனக்குச் செய்யற உதவி. திட்டாதே.

2. முதல் தடவை புது சர்வரை ஆன் பண்ணும்போது லேன் கேபிளைப் பிடுங்கி வை. ஐபி அட்ரஸும் குளோன் ஆகியிருக்கு. பழைய சர்வரும் ஓடினா, புக்கிங் சீட்டு கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கேன்னு பதிவாகும். ரெண்டு டேட்டாபேஸைத் திரும்ப ஒண்ணாக்குறதுக்குள்ள உனக்கு உயிர் போயிடும். டிஸ்க் கோளாறைச் சரி பண்றது அதைவிட ரொம்ப சுலபம்.

3. ஓடிக்கிட்டிருக்கிற சர்வரை டிடி போட்டுக் காப்பி எடுக்காதே. முதல் பாதியை ஒரு நேரத்துல, மறு பாதியை இன்னொரு நேரத்துல எடுத்த குளோன் அது. ஃபைல் சிஸ்டம் குழம்பித்தான் எழுந்திருக்கும். பென்டிரைவ்ல க்ளோன்ஸில்லா போட்டு அதிலிருந்து பூட் பண்ணி எடு. தைவான்ல அரசு கணினி மையத்துக்காரங்க கொடுக்கிறது, காசில்லை, எல்விஎம்மும் அதுக்குப் புரியும். புது டிஸ்க் பழசுக்குச் சமமாவோ பெருசாவோ இருக்கணும். டிஸ்க் ஏற்கெனவே சத்தம் போடுதுன்னா டிடிரெஸ்க்யூ. அது நல்ல இடத்தை முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்துக்கு அப்புறம் போகும்.

டிடியே போட்டாகணும்னு அடம்பிடிச்சா, ஐஎஃப், ஓஎஃப் ரெண்டையும் வாய்விட்டுப் படிச்சுட்டு அப்புறம் என்டர் தட்டு. மாத்திப் போட்டா காலி டிஸ்க் உன் டேட்டா மேல ஏறிடும். அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது.

4. கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு எடுத்துட்டா சாயந்திரம் வரைக்கும் வராது. முந்தின நாள் பேப்பர்லயே அறிவிப்பு வரும், பார்த்துட்டு ஆரம்பி. குளோனுக்குப் பதிலா எல்விஎம் வழியாவே டேட்டாவை நகர்த்துற பிவிமூவ் பாதியில நின்னாலும் பூட் ஆனதும் விட்ட இடத்துலிருந்து தொடரும். டிடி தொடராது.

எழுந்திருக்கலைன்னா

5. பார்க்கிற கமாண்ட் அஞ்சு: எல்எஸ்பிஎல்கே, பிஎல்கேஐடி, பிவிஎஸ், விஜிஎஸ், எல்விஎஸ். இது அஞ்சும் எதையும் மாத்தாது. தைரியமா தட்டு, ஸ்கிரீனை போன்ல படம் எடு. "என்னமோ எர்ரர் வந்துச்சுக்கா"ன்னு மட்டும் சொல்லாதே, அந்தப் படத்தை அனுப்பு. இப்ப பார்த்ததை இப்படிப் பிரிச்சுக்கோ:

• எல்எஸ்பிஎல்கே-வுலயே டிஸ்க் இல்லை: கேபிள், பயாஸ் செட்டிங், டிரைவர். எல்விஎம் பக்கமே போகாதே.

• எல்எஸ்பிஎல்கே-வுல பார்டிஷன் இருக்கு, பிஎல்கேஐடி-யும் அதை எல்விஎம்2 மெம்பர்னு சொல்லுது, ஆனா பிவிஎஸ் காலி: ரெட்ஹேட் 9, ராக்கி 9, ஆல்மா 9 ஆளா நீ? அதுல எந்தெந்த டிஸ்க்கைப் பார்க்கணும்னு ஒரு பட்டியல் இருக்கும். ஈடிசி-க்குள்ள எல்விஎம், அதுக்குள்ள டிவைசஸ், அதுல சிஸ்டம் டாட் டிவைசஸ்-ங்கிற ஃபைல். பழைய டிஸ்க்கோட சீரியலை அது பிடிச்சு வச்சிருக்கு. புது டிஸ்க் பட்டியல்ல இல்லாததால, கண்ணு முன்னாடி இருந்தும் எல்விஎம்முக்குத் தெரியலை. எல்விஎம்டிவைசஸ் கமாண்டுக்கு ரெண்டு மைனஸ் போட்டு ஆட்டெவ் கொடுத்து, பார்டிஷன் பேரைக் கொடு. வந்துடும். போன தலைமுறை ஆளுங்க எல்லாம் தடுமாறுற இடம் இது, ஏன்னா 7-லயும் 8-லயும் இந்தத் தொல்லை கிடையாது.

• பிவி, விஜி, எல்வி எல்லாம் தெரியுது, மவுன்ட் மட்டும் ஆகலை: தூங்குது, எழுப்பு. விஜிசேஞ்ச் மைனஸ் ஏஒய்.

• "எல்விஎம்2 மெம்பர்-ங்கிற ஃபைல் சிஸ்டம் எனக்குத் தெரியாது"ன்னு மவுன்ட் சொல்லுது: நீ பார்டிஷனை மவுன்ட் பண்ணப் பார்க்கறே. எல்வியைப் பண்ணு. எஃப்எஸ்சிகே-வும் அதே மாதிரிதான், எல்வி மேலதான் ஓட்டணும், அதுவும் அன்மவுன்ட் பண்ணிட்டு.

6. பிவிஎஸ் காலியா இருக்குன்னு பிவிகிரியேட் தட்டாதே. கேக்குதா? தட்டவே தட்டாதே. அது புதுசா ஒரு பிவி போடுற கமாண்ட். காணாமப் போனதைத் தேடித் தராது, இருக்கிற தலைப்பு மேலேயே எழுதும். "இங்கே ஏதோ கையெழுத்து இருக்கே, அழிச்சிடட்டுமா"ன்னு எல்விஎம் ஒய்-யா, என்-ஆன்னு கேட்டா, பதில் என். தப்பு டிஸ்க்ல கை வச்சிருக்கேன்னு அது சொல்ற கடைசி எச்சரிக்கை அதுதான்.

7. பூட் ஆகும்போதே டிராகட்னு ஒரு ஷெல்லுல போய் நிக்குதா? சென்ட்ஓஎஸ், ரெட்ஹேட் வழி சர்வர் எல்லாம், தான் பிறந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவரை மட்டும் பூட் ஃபைல்ல கட்டி வச்சுக்கும். சாட்டா டிஸ்க்ல இருந்ததை என்விஎம்இ-க்கோ விர்ச்சுவல் மெஷினுக்கோ கொண்டு போனா அந்த டிரைவர் அதுகிட்ட இருக்காது. குறுக்கு வழி: கிரப் மெனுவுல ரெஸ்க்யூன்னு ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடு. எல்லா டிரைவரும் அதுல உண்டு. உள்ளே போனதும் டிராகட்டுக்கு ஃபோர்ஸ், ரீஜெனரேட் ஆல் கொடுத்துப் புதுசா கட்டு. டெபியனும் உபுன்டுவும் பெரும்பாலான டிரைவரைக் கையோட வச்சிருக்கிறதால இந்தச் சிக்கல் அங்கே குறைவு. சி-டாக் போட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். இதுகள்ல அடைப்புக்குறிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ்-ன்னு நின்னா, எல்விஎம் விஜிசேஞ்ச் மைனஸ் ஏஒய், அப்புறம் எக்ஸிட். பல நேரம் அதுலயே எழுந்திடும்.

8. ஒன்றரை நிமிஷம் எதுக்கோ காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகுதா? எஃப்எஸ்டேப்-ல உள்ள ஏதோ ஒரு டிஸ்க் வரலைன்னு அர்த்தம். எஸ்டிபி1-னு எழுதி வச்சிருந்த பேக்கப் டிஸ்க்கா இருக்கும், இல்லை பழைய ஸ்வாப்பா இருக்கும். ரூட்டை எழுதுற மாதிரி ரீமவுன்ட் பண்ணி, அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போடு, ரீபூட். பேக்கப் டிஸ்க் மாதிரி வந்தாலும் வராட்டியும் பரவாயில்லைங்கிற வரிக்கு நோஃபெயில்-னு சேர்த்துடு. திருத்தினதும் ஃபைண்ட்எம்என்டி-க்கு ரெண்டு மைனஸ் போட்டு வெரிஃபை கொடுத்தா, எழுத்துப் பிழையை ரீபூட்டுக்கு முன்னாடியே காட்டும். சில லினக்ஸ்ல ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்காம விட்டிருந்தா எமர்ஜென்சி மோடு உள்ளேயே விடாது. லைவ் பென்டிரைவை எப்பவும் பையில வச்சுக்கோ.

ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்துப் பார்த்தே ஆகணும்னா

ஒரு ஃபோல்டர் விட்டுப்போச்சு, பழசுலிருந்து எடுக்கணும். சரி. எனக்குப் பிடிச்ச சோம்பேறி வழி: புது டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டு, பழசை மட்டும் மாட்டி, லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, படிக்க மட்டும்னு மவுன்ட் பண்ணி எடுத்துக்கோ. எதையும் மாத்த வேண்டியதில்லை. பழசு அப்படியே இருக்கிறதால நாளைக்குப் புதுசு மக்கர் பண்ணினாலும் அதை மாட்டி ஆபீஸை ஓட்டலாம்.

இல்லை, ஓடுற சர்வர்லயே மாட்டணும்னா, அது பூட் ஆன பிறகு யுஎஸ்பி வழியா மாட்டு. அப்புறம் விஜிஇம்போர்ட்குளோன். மைனஸ் என் போட்டு ஒரு புதுப் பேர், பின்னாடி பழைய டிஸ்க்கோட பார்டிஷன். அது விஜி பேரு, விஜி நம்பர், பிவி நம்பர் மூணையும் மாத்தும். அந்த விஜி ரெண்டு மூணு டிஸ்க்ல பரவியிருந்தா எல்லா பார்டிஷனையும் ஒரே வரியில கொடுக்கணும். எப்பவும் பழைய டிஸ்க்குக்குத்தான் புதுப் பேர். ஓடுற சர்வரோட விஜி பேரை மாத்தினா, எஃப்எஸ்டேப், கிரப், பூட் ஃபைல் மூணையும் மாத்தணும். ஒண்ணை மறந்தாலும் மறுநாள் பூட் ஆகாது. பேர் மாத்தின பழைய டிஸ்க்கும் இனி அப்படியே பூட் ஆகாது, அதையும் தெரிஞ்சே செய்.

இத்தனைக்கும் அப்புறமும் உள்ளே இருக்கிற ஃபைல் சிஸ்டத்தோட யூயூஐடி மாறலை. இதைத்தான் எல்லாரும் விடுறீங்க! எக்ஸ்எஃப்எஸ் கறார்ப் பேர்வழி. அதே யூயூஐடி ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருந்தா இன்னொண்ணை உள்ளே விடாது. மேம்போக்கா "தப்பான ஃபைல் சிஸ்டம்"னு சொல்லும், நீ டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு பயந்து எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை ஓட்டுவே. வேண்டாம். டிமெசேஜ் பாரு, டூப்ளிகேட் யூயூஐடின்னு தெளிவா எழுதியிருக்கும். ஃபைலை எடுக்க மட்டும்னா மவுன்ட்டுக்கு நோயூயூஐடி-ங்கிற ஆப்ஷன் போதும். நிரந்தரமா மாத்தணும்னா, ஒரு தடவை நோயூயூஐடி போட்டு மவுன்ட் பண்ணி, அன்மவுன்ட் பண்ணிட்டு, எக்ஸ்எஃப்எஸ்அட்மின் (நடுவுல அண்டர்ஸ்கோர்) மைனஸ் பெரிய யூ ஜெனரேட். ஈஎக்ஸ்டி4-க்கு அன்மவுன்ட், ஈ2எஃப்எஸ்சிகே மைனஸ் எஃப், அப்புறம் டியூன்2எஃப்எஸ் மைனஸ் பெரிய யூ ரேண்டம்.

இன்னொரு வேடிக்கை. உபுன்டு சர்வர்ல எல்விஎம் போட்டா விஜி பேரு எல்லா மெஷின்லயும் உபுன்டு-விஜி. குளோனே எடுக்காத ரெண்டு சர்வர் டிஸ்க்கைச் சேர்த்தாலும் பேர் மோதும். நம்பர் வேற வேறங்கிறதால விஜிரீநேம்-க்கு விஜியோட யூயூஐடியைக் கொடுத்துப் பேர் மாத்திடலாம். இன்ஸ்டால் பண்ணும்போதே ஆபீஸ் பேரை வச்சிருந்தா இந்த வேலையே இல்லை.

பெரிய டிஸ்க் போட்டும் இடம் கூடலையே!

கூடாது கண்ணு. டிஸ்க் பெருசாச்சு, வரப்பு பழைய இடத்துலயே இருக்கு. அடியிலிருந்து மேலே நாலு படி: பார்டிஷன், பிவி, எல்வி, ஃபைல் சிஸ்டம். ஒரு படியையும் தாண்டாதே.

• க்ரோபார்ட், எஸ்டிஏ, இடைவெளி, 2. அந்த இடைவெளியை விட்டுட்டு எஸ்டிஏ2-ன்னு சேர்த்து எழுதிட்டு "வேலை செய்யலை"ன்னு வராதே. ஜிபிடி டிஸ்க்குக்கு ஒரு தலைப்பு ஆரம்பத்துலயும், அதோட நகல் கடைசி செக்டர்லயும் இருக்கும். பெரிய டிஸ்க்குக்கு குளோன் பண்ணினதும் கடைசியில இருந்தது நடுவுல மாட்டிக்கும். பார்ட்டட் "ஃபிக்ஸா, இக்னோரா"ன்னு கேட்டா ஃபிக்ஸ். பயப்படாதே.

• பிவிரீசைஸ், பார்டிஷன் பேர். சைஸ் எதுவும் சொல்ல வேண்டாம், தானே அளந்துக்கும்.

• எல்விஎக்ஸ்டெண்ட் மைனஸ் ஆர், மைனஸ் பெரிய எல், பிளஸ் 50ஜி. அந்த மைனஸ் ஆர் இருந்தா நாலாவது படியையும் அதுவே ஏறிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸா ஈஎக்ஸ்டி4-ஆன்னு நீ யோசிக்க வேண்டியதே இல்லை. ஓடும்போதே செய்யலாம், ஆபீஸை மூடவேண்டாம்.

மிச்ச இடம் மொத்தத்தையும் ஒரே எல்விக்குக் கொடுத்துடாதே. எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருசாக்கலாம், திரும்பச் சின்னதாக்க முடியாதுன்னு வச்சுக்கோ. ஈஎக்ஸ்டி4 சின்னதாகும், ஆனா அன்மவுன்ட் பண்ணி, மேலிருந்து கீழே வரணும்: முதல்ல ஃபைல் சிஸ்டம், அப்புறம் எல்வி. எல்விரெட்யூஸ்ல "50ஜி"ன்னா ஐம்பதுக்குக் கொண்டு வா, "மைனஸ் 50ஜி"ன்னா ஐம்பதைக் குறை. ஒரு சின்னக் கோட்டுல ஒரு வருஷத்துக் கணக்கு போயிடும்.

500 ஜிபி டிஸ்க் வாங்கியும் டிஎஃப் 100 தான் காட்டுதுன்னு எத்தனை பேர் கடையில திருப்பிக் கொடுக்கப் போறீங்க! உபுன்டு சர்வர் இன்ஸ்டாலர் எல்விஎம்ல 200-க்கு மேல உள்ள டிஸ்க்குக்கு ரூட்டுக்கு 100 ஜிபிதான் ஒதுக்கும். மிச்சம் விஜியில சும்மா இருக்கு. விஜிஎஸ்-ல கடைசிப் பத்தியைப் பாரு. அங்கே மூணாவது படி மட்டும் போதும்.

4 டிபி போட்டும் சுமார் 2.2 டிபிக்கு மேல போகலையா? பழைய எம்பிஆர் பார்டிஷன் டேபிளும் குளோன் ஆகி வந்திருக்கு. அதுல செக்டர் நம்பருக்கு 32 பிட் தான் இடம். 512 பைட் செக்டருக்கு 2 டிஐபியோட கணக்கு முடிஞ்சது. எம்பிஆரை ஜிபிடியா மாத்தற கருவி இருக்குதான். ஆனா பழைய பயாஸ் மெஷின்னா கிரப்புக்குத் தனியா ஒரு சின்னப் பார்டிஷன் வேணும், கிரப்பைத் திரும்பப் போடணும். அந்த வேலைக்கு, பூட்டுக்குச் சின்ன எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு இன்னொரு டிஸ்க்கை ஜிபிடியில போட்டு விஜிஎக்ஸ்டெண்ட்னு போறது நிம்மதி. என்ன, அதுக்கப்புறம் ரெண்டு டிஸ்க்ல எது போனாலும் விஜி நொண்டும். அதனால டேட்டாவுக்குத் தனி விஜியாவே வச்சுக்கோன்னுதான் நான் சொல்வேன்.

இன்னொரு பழைய சனியன்: எஸ்டிஏ5. பழைய டெபியன், உபுன்டுவுல எஸ்டிஏ2 எக்ஸ்டெண்டட், அதுக்குள்ள எஸ்டிஏ5-லதான் பிவி. முதல்ல 2-ஐப் பெருசாக்கு, அப்புறம் 5.

சர்வர் எழுந்ததும்

ரெண்டு சர்வரையும் ஓட்டப்போறேன்னா புதுசுல மெஷின்-ஐடியைக் காலி பண்ணி, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளைப் புதுசா போடு. இல்லைன்னா டிஎச்சிபி ரெண்டுக்கும் ஒரே ஐபி கொடுத்து விளையாட்டுக் காட்டும்.

ஈடிசி-க்குள்ள எல்விஎம் ஃபோல்டர்ல பேக்கப், ஆர்க்கைவ்னு ரெண்டு இருக்கும். எல்விஎம்ல நீ செஞ்ச ஒவ்வொரு மாற்றத்துக்கும் அங்கே நகல் இருக்கு, சாதாரண எழுத்து ஃபைல்தான். விஜிகான்ஃபிக் ரெஸ்டோர், அதாவது விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர், அதைப் பார்த்துத்தான் வரப்பைத் திரும்பப் போடும். அந்த ஃபைல் அந்த சர்வருக்குள்ளேயே இருந்து என்ன புண்ணியம்? பென்டிரைவ்ல ஒண்ணு, உன் மெயிலுக்கு ஒண்ணு அனுப்பி வை. அது வரைபடம் மட்டும்தான், டேட்டா பேக்கப்னு நினைச்சுக்காதே.

பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் பண்ணி வேற வேலைக்குக் கொடுக்காதே. அதுல ஒரு பிளாஸ்திரி ஒட்டி, தேதி, விஜி பேரு, எந்த மெஷின்னு பேனாவுல எழுதி, ஆன்டிஸ்டாட்டிக் கவர்ல போட்டு பீரோவுல வை. மார்ச் 31 கணக்கு முடிஞ்சு, ஆடிட்டர் ஃபைலும் போய், புது சர்வரோட பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்த்த பிறகு அழி. அழிக்கும்போது சீரியல் நம்பரை இன்னொரு தடவை பாரு.